ஏடு

பத்து மணிக்குத்தான் விடிகிறது.
அதற்குள் ஸ்டெய்ன்வோர்
மூன்று பேக்கரிகளுக்குப் பொய் சொல்லிவிட்டாள்:
"வண்டி கிளம்பிவிட்டது."

வண்டி கிளம்பவில்லை.
கணவாய்க்கு அந்தப் பக்கம்
மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் ஒன்றின் கூரையடியில்
ஒன்பதாயிரம் லிட்டர் பாலோடு
ஓக்முந்துர் உட்கார்ந்திருக்கிறான்.
வண்டி ஆடுகிறது, எஞ்சின் அணைந்த பிறகும்.

இன்று வெள்ளி.
திங்கட்கிழமை பன் திருநாள்.
நோன்புக்கு முன் அந்த ஒரு நாள்
ஐஸ்லாந்து முழுவதும்
மீசையில் க்ரீமோடு அலையும்.

அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில்
முப்பத்தெட்டு ஆண்டுகளின் ஒரே கோடு.

தொடக்கத்தில் அது தரையோடு தவழ்கிறது.
கொழுப்புக்குப் பயந்த காலம்.
யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம்.
ஏடு எடுத்த பாலுக்குத்தான் மரியாதை;
எடுத்த ஏட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
வெண்ணெயாக்கி, உறையவைத்து,
வந்த விலைக்குக் கப்பலேற்றினார்கள்.

பிறகு ஓர் ஆண்டு
(விவாகரத்தான ஆண்டு, அதனால் மறக்கவில்லை)
கோடு தலை தூக்கியது.
யாரும் எதையும் அறிவிக்கவில்லை.
ஒன்றும் ஆகாது, சாப்பிடு என்று
ஊர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.
அப்புறம் விமானம் விமானமாய் வந்தவர்கள்:
காப்பியில் க்ரீம், மீன் சூப்பில் க்ரீம்,
எரிமலை பார்த்துத் திரும்பிய பசிக்கு
இன்னும் கொஞ்சம் க்ரீம்.
மாடுகளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.
அவை பழைய நாலேகால் சதவீதத்திலேயே
அசைபோட்டு நின்றன.

இப்போது ஏடு போதவில்லை.
ஏடு எடுத்த பால் குளம் கட்டி நிற்கிறது.
அதே மடி, அதே கறவை.
வேண்டியதும் வேண்டாததும்
நாற்காலி மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான்.

போன ஜூலை முழுக்க மழை.
அறுத்த புல் காயாமல் கறுத்தது.
தசமப் புள்ளிக்கு வலப்பக்கம்
அந்த மழையை அவள் நவம்பரிலேயே பார்த்துவிட்டாள்.
சொன்னாள். குறித்துக்கொண்டார்கள்.

"டென்மார்க்கிலிருந்து வரவழைத்தால்?"
கதவில் சாய்ந்தபடி மேலாளர் ஹியோர்லைபுர்.
"கப்பல் வியாழக்கிழமை" என்றாள்.
திங்கட்கிழமைக்குப் பிறகுதான் அந்த வியாழன் வரும் என்பது
அவருக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

எல்லா ஆர்டரிலும் முப்பது சதவீதம் வெட்டு.
ஆஸ்பத்திரிக்கு வெட்டவில்லை.
கடற்கழிக் கோடியில் இருபத்தோரு பிள்ளைகளின் பள்ளி
கேட்டிருந்தது ஆறே லிட்டர்;
அந்த வரியைத் தாண்டிப்போனது பேனா.
சால்வோரின் பேக்கரி போனில் கத்தியது.
"ஜாமைக் கூட்டிப் போடு" என்றாள்.
எதிர்முனையில் ஒரு வசவு,
அதன் வாலில் ஒரு சிரிப்பு.

மதியம் ஓக்முந்துர் அழைத்தான்.
"ஹல்வெய்க் பண்ணையில் தொட்டி நிரம்பிவிட்டதாம்.
காலைப் பாலைச் சாக்கடையில் திறந்துவிட்டாளாம்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள்.
இங்கே தாழி முழுசாகத்தான் இருக்கிறது.
உடைந்தது வழி.

"மூடியைத் திறந்து பார்த்தேன்" என்றான் மறுபடி.
"நின்ற பாலில் தானாகவே ஏடு கட்டியிருக்கிறது.
மஞ்சளாய், இரண்டு விரல் கனத்துக்கு.
உன் திங்கட்கிழமை இங்கேதான் மிதக்கிறது."

ஞாயிறு இரவு கணவாய் திறந்தது.
பால் வந்து, பிரிந்து, குளிர்ந்து, க்ரீமாகிக்
கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது
செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது.
செவ்வாய்க்கிழமை வேறு திருநாள்,
உப்பிட்ட இறைச்சியும் பட்டாணியும்.
க்ரீமுக்கு அங்கே வேலையில்லை.

அவள் புள்ளி வைத்தாள்.
முந்தைய ஆண்டுக்கு நன்றாகக் கீழே.
என்றோ ஒருநாள் யாரோ இந்தக் கோட்டை விரித்து,
இந்தப் பள்ளத்தில் விரல் வைத்து,
மக்களுக்கு ஆசை குறைந்த ஆண்டு என்று
அறிக்கை எழுதுவார்கள்.

பென்சிலைச் சீவி
ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள்:
காற்று.