யாரால்

கிரிம்ஸ்பி துறைமுகத்தில்
மீன் உறையவைக்கும் ஆலை.
மாடியறையில் லோர்னா ஸ்டப்ஸ் தட்டச்சுகிறாள்:
'இரவுப்பணி நிறுத்தப்படுவதெனத்
தீர்மானிக்கப்பட்டுள்ளது.
சிரமத்துக்கு வருந்தப்படுகிறது.'

வருந்துவது யாரென்று
அந்த ஊர் ஆங்கிலத்தில் யாரும் கேட்பதில்லை.
கேட்டால் மரியாதைக்குறைவு.

கீழே கேன்டீனில் க்ளைவ் புலம்புகிறான்:
சைக்கிள் களவாடப்பட்டுவிட்டதாம்.
திருடனைத் தெரியாது, அது நியாயம்.
டீக்கோப்பையும் உடைபட்டுப்போனதாம்.
கைப்பிடி இன்னும் அவன் விரலில்.

பதினோரு வருஷமாய்
வாக்கியத்திலிருந்து ஆட்களை
முள் எடுப்பதுபோல் எடுத்துவருபவள் லோர்னா.
சதை மட்டும் போய்ச்சேரும்,
வெள்ளையாய், வழுவழுப்பாய்.
யார் தொண்டையிலும் சிக்காது.

இன்றைய பட்டியலில்
நாற்பத்து மூன்று பெயர்.
பதினாறாவது, அவள் தங்கை வெண்டி.

(தமிழில் இதை எழுதும்போது
எனக்கு ஒன்று உறுத்துகிறது.
'தீர்மானிக்கப்பட்டது' என்றால்
பட்டவளின் பாடு
சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.
லோர்னாவின் மொழியில் அதுவும் இல்லை,
வெறும் 'இருந்தது'தான்.)

விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு ஒரு குட்டிச்சொல் சேர்த்தாள்,
நம் 'ஆல்' அளவுதான் இருக்கும்.
அதையொட்டி மேலாளரின் முழுப்பெயர்:
ஆட்ரியன் ஃபென்விக்.
இறங்கிவந்து பலகையில் குத்தினாள்.

இரவுப்பணிக்கு வெண்டி வந்தபோது
அறிவிப்பு அகற்றப்பட்டிருந்தது.
நாலு குண்டூசி.
ஒன்றில் மட்டும் காகிதத்தின் மூலை,
பாதிப் பெயரோடு.

கையுறையைக் கழற்றி
வெண்டி அதைப் பிய்த்தாள்,
பையில் போட்டுக்கொண்டாள்,
மாடிப்படியில் கால் வைத்தாள்.