நாலாம் விரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவே

முத்தையன்கட்டு வாய்க்காலில் தண்ணி விட்டுப்
பத்தாம் நாள் தொடங்கினது கடி.
நாலாம் விரலுக்கும் சின்னவிரலுக்கும் நடுவே
தேத்தண்ணியில் ஊறின பாண்போலத் தோல்.
சேற்றுப்புண்தானே.
இந்தப் பக்கத்தில் ஆருக்கு இல்லை?

செயற்கைக் காலை வரம்பில் கழற்றி வைத்து,
கம்பை ஊன்றி,
மற்றக் காலோடு வயலில் இறங்குகிற ஆள் நான்.
ஒன்றரை ஏக்கர்ச் சேற்றையும்
ஐந்து விரல்தான் மிதிக்கிறது.

மருந்துக்கடைச் சிவபாதம்
துண்டு ஒன்றும் கேட்கவில்லை.
சின்ன ரியூப், முந்நூற்றைம்பது.
மூன்றாம் நாள் கடி நின்றது.
மூன்றாம் கிழமை
புறங்காலில் வட்டம், வட்டத்துக்கு வெளியே வட்டம்,
ஆரோ குளத்தில் கல் எறிந்ததுபோல.
சொறிந்த வலக்கையும் வெளுத்தது,
ரேகைகளில் மாப் படிந்து.

கால் செருகும் கிண்ணத்துக்குள்ளும் வேர்வை,
அங்கேயும் சிவப்பு.
சில இரவில்
இல்லாத வலது பாதமும் கடிக்கும்.
எழும்பி இருப்பேன்.
எங்கே சொறிய?

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரியில் டொக்டர் நிவேதிகா
என் பாதத்தைக் கையில் ஏந்தி
லைற் அடித்து விரல்களைப் பிரித்தா.
நகத்துக்குள் இன்னும் சேறு.
கூச்சத்தில் கூரையைப் பார்த்தேன்.
"சீனி எவ்வளவு?"
இருநூற்று எண்பது.
"அந்த ரியூபை எறியுங்கோ, பங்கசுக்கு அது சோறு.
இந்த வெடிப்பாலே வேற கிருமி ஏறும்,
கணுக்கால் சிவந்து வீங்கும், காய்ச்சல் வரும்.
வயல் தண்ணியிலே எலிக்காய்ச்சலும் இருக்கு.
சீனிக்காரருக்கு ஒரு விரலில் தொடங்கினால்..."
நிறுத்திவிட்டா.
என்னிடம் எத்தனை மிச்சம் என்று
அவவும் எண்ணியிருப்பா.

போன காலுக்குச் சத்தம் இருந்தது.
திகதி இருந்தது, சாட்சி இருந்தது,
படிவத்தில் எழுத ஒரு காரணம் இருந்தது.

இப்போது இரவில்
மேசைக் காத்தாடிக்கு முன்னால் காலை நீட்டி
விரல் விரலாய்ப் பிரித்துக் காய வைக்கிறேன்.
"எங்களுக்குக் காத்து வேண்டாமோ?" என்கிறாள்
சின்னமகள் துவாரகி.
நாலு கிழமை பூசவேணும்,
கடி நின்ற பிறகும் பூசவேணும்.
வயலுக்கு றப்பர் சப்பாத்தும் வேணுமாம்.

கடையில் சோடியாகத்தான் விப்பார்கள்.
மாங்குளத்தில் ஒருவர், இராசநாயகம்,
இடக்கால் போனவர், வலது இருக்கிறது.
அவருக்கு எட்டாம் நம்பர், எனக்கு ஏழு.
பாதிக் காசு போடுவாரோ,
கேட்டுப் பார்க்கவேணும்.