வெளிநோயாளி

ஆறுக்குட்டியின் நகக்கண்ணைப் பார்த்தே
எந்த ஆர்டர் ஓடுகிறதென்று சொல்லிவிடலாம்.
அன்றைக்கு அடர்சிவப்பு:
கடல் தாண்டி யாரோ டிசம்பரில் போடப்போகிற பனியன்.
திருப்பூர் மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
பதினாறு வருசம் ஈரத்தில் நின்ற கால்.
வலது காலில் இரண்டாவது விரல் மட்டும்
எந்த ஆர்டரிலும் சேராத நிறம்.

நான் காப்பீட்டு மேசை.
அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்,
"காப்பீட்டு மேசையை வரச்சொல்லு."
இரண்டு திரை, ஒரு கைரேகைப் பொட்டி.
நோயை எண்ணாக மாற்றிச் சென்னைக்கு அனுப்புவது வேலை.
எண் போகும், எண் வரும்.
இடையில் யாராவது இருமினால் ஃபேனை நிறுத்துவேன்.

டாக்டர் நல்லவர். எழுதித்தான் கொடுத்தார்:
ஆறு வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள் புண் கழுவிக் கட்டு,
ஊசி, மாத்திரை, மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி,
தண்ணியில் நிற்கக்கூடாது.
விரல் பிழைக்கும்.
கூட்டிப் பார்த்தேன், பதினேழாயிரத்து அறுநூறு.
போகிற கூலி அதில் சேராது.
கூலியைத் தட்ட என் திரையில் கட்டம் இல்லை.

"கார்டு இருக்குதுங்களே அம்மிணி."
இருந்தது. போட்டோவில் இன்னும் மீசை கறுப்பு.
"படுத்தாத்தானுங்க கார்டு.
நடந்து வந்து நடந்து போனா வெளிநோயாளி.
வெளிநோயாளிக்கு இல்லீங்க."
இதை நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன்.
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

ஈஎஸ்ஐ? பதினோரு மாசம் கூலியில் பிடித்தார்களாம்.
நம்பரைத் தட்டினால்
பல்லடத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது.

"அப்ப வெரல எடுத்துப்போட்டா?"
தட்டினேன். உடனே வந்தது.
விரல் அகற்றல், ஒன்று.
மூன்று நாள் படுக்கை, மயக்கமருந்து,
சாப்பாடு, திரும்பிப் போகப் பஸ் காசு.
"வெட்டறதுக்குச் சும்மா,
வெச்சிருக்கறதுக்குத்தான் காசு."
சிரித்தார். கோபமே இல்லை,
நூல் விலை ஏறினதைப் பேசுகிற குரல்.

என் சம்பளத்திலும் ஒரு பாலிசி ஓடுகிறது.
போன வருசம் பதினோராயிரம், இந்த வருசம் பதினாலு.
ஏனென்றால், ஆஸ்பத்திரிச் செலவு ஏறிப்போச்சு என்கிறது போன்.
எங்கள் மேனேஜரைக் கேட்டால்,
எல்லார்கிட்டயும் பாலிசி இருக்குது, ஏத்தாம? என்கிறார்.
சீட்டு என்றால் எனக்குப் புரியும்.
இருபது பேர் போடுவோம், ஒருத்தர் எடுப்பார்,
தள்ளு எவ்வளவென்று இருபது பேருக்கும் தெரியும்.
இந்தச் சீட்டில்
ஏலம் கூறுகிறவன் முகமே தெரியவில்லை.

ஐந்து கட்டு கட்டினார், சொந்தக் காசில்.
ஆறாவதற்கு வரவில்லை. ஷிப்மெண்ட் தேதி.
ஏழாவதற்கும்.
புரட்டாசிக் கடைசியில் ராமாத்தாள்
புருசனை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினபோது
அவருக்கு முன்னால் வாடை என் மேசைக்கு வந்துவிட்டது.

அனுமதி நாற்பது நிமிசத்தில் வந்தது.
அத்தனை சீக்கிரம் என் வாழ்க்கையில்
எதுவும் வந்ததில்லை.

வீட்டுக்குப் போகிற அன்று பில்லை நீட்டினேன்.
நோயாளி செலுத்த வேண்டியது: பூஜ்யம்.
அதை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்க உத்தரவு,
வாசலில் வைத்துப் போட்டோவும் உண்டு.
ஆறுக்குட்டி அந்தப் பூஜ்யத்தைச்
சாயமேறிய பெருவிரலால் ஒருதரம் தடவினார்,
அச்சு ஒட்டுகிறதா என்று பார்ப்பதுபோல.

"காலுல மிச்சம் ஒம்பது இருக்குதுங்க அம்மிணி.
அதுகளச் சூதானமா வெச்சுக்க
எந்த மேசைக்குப் போவோணும்?"

எதிர்ப்பக்கம் கை காட்டினேன்.
டோக்கன் அறுபத்துமூன்று ஓடிக்கொண்டிருந்தது.
ராமாத்தாள் பர்சைத் திறந்து பார்த்து மூடினாள்.
"சம்பளம் வரட்டுங்க," என்றாள்,
என்னிடமா, அவரிடமா, தெரியவில்லை.