விலை ஏற ஏற

முந்நூறு பேர். ஆளுக்குப் பன்னிரண்டு திரை.
ஒவ்வொரு திரையிலும் மூன்று வாஷிங் மெஷின்,
நான்காவதாக ஒரு சாம்பல் கட்டம்:
‘இதில் எதுவும் வேண்டாம்.’
ஆறு கிலோ, ஏழு, எட்டரை;
மேல்மூடி, முன்கதவு;
வெந்நீர் உண்டு, இல்லை;
பதினோராயிரத்திலிருந்து முப்பத்திநாலாயிரம் வரை.
எது பிடிக்கும் என்று நான் யாரையும் கேட்பதில்லை.
கேட்டால் எல்லாமே பிடிக்கும் என்பார்கள்.
ஒன்றை எடுக்க இரண்டை விடச் சொல்வேன்.
விட்டதிலிருந்துதான் கணக்குத் தொடங்கும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட், மூன்றாம் மாடி.
ஆளுக்கொரு கோடாக வரைந்து பார்த்தேன்.
விலைக்கோடு எல்லோருக்கும் இறங்கும்,
சிலருக்குச் சறுக்குமரம் போல,
சிலருக்கு மூட்டுவலிக்காரர் படியிறங்குவது போல.
இருநூற்றுப் பதினேழுக்கு மட்டும் ஏறியது.
பன்னிரண்டு திரையிலும் எது அதிக விலையோ அது.
ஒரே விலையில் இரண்டு வந்தபோது, சின்னது.

“பார்க்காமலே தட்டியிருப்பாங்க,” என்றான் பக்கத்து மேசை ஜினேஷ்.
பார்க்காமல் தட்டுகிறவர்கள் திரைக்கு மூன்று நொடி எடுப்பார்கள்.
இவள் நாற்பது.
ஒன்பதாம் திரையில் ஒரு நிமிடம் எட்டு நொடி
நின்றிருக்கிறாள்.

பேட்டி எடுத்த ஹெப்சிபாவோடு ஈஜிபுரா போனேன்.
தண்ணீர் லாரி தெருவை அடைத்திருந்தது.
வண்டியை விட்டுவிட்டு
குழாய்களைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.
சின்னபாப்பா, வயது நாற்பத்தொன்று,
படிவத்தில் ‘இல்லத்தரசி’.
“அது நான் போட்டதுதான் சார்,” என்றாள் ஹெப்சிபா.
“அந்தக் கட்டத்துல மூணு பேர் கொறஞ்சாங்க.”

மதியம் இரண்டு மணி. அவள் விரல் நுனிகள்
இன்னும் வெளுத்துச் சுருங்கியிருந்தன.
ஐந்து வீடு. நாலில் துணி. ஒன்றில் பாத்திரம் மட்டும்.
“அங்கயும் துணிதான் சார் முன்ன.
தீபாவளிக்கு மெஷின் வந்துச்சு. எண்ணூறு கொறஞ்சுது.”

எது வாங்குவே என்று படம் காட்டினபோது
யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.
“நாம தொடறதத்தான் கடையில வெப்பாங்கன்னு நெனச்சேன்.
அதான் இருக்கறதுலயே வெல ஜாஸ்தி எதுன்னு
பாத்துப் பாத்துத் தொட்டேன்.
யாரும் வாங்க மாட்டாங்க இல்ல?”
“வேண்டாம்னு ஒரு கட்டம் இருந்துதே?”
“அதத் தொட்டா
வேணும்கறவங்க வீடாப் பாத்துக் கேப்பீங்க.”
“ஒன்பதாவதுல ஏன் அவ்வளவு நேரம்?”
“அதுல மூணுமே மலிவு சார்.
எதத் தொட்டாலும் ஒரு வீடு போயிடும்.”

லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.
மென்பொருள் அவளுக்கு ஏற்கெனவே சிவப்பு அடித்திருந்தது:
குறி தவறு. முரணான பதில்.
அவளை எடுத்துவிட்டால் கோடு மழமழவென்று இறங்கும்;
பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம் வைக்கலாம் என்று
வியாழக்கிழமை சொல்லிவிடலாம்.
விட்டுவைத்தால் ஆறு ரூபாய் கூடுகிறது.
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். ஆறு ரூபாய்.
பதினாறாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு என்று
எந்தக் கடைக்காரன் ஸ்டிக்கர் ஒட்டுவான்?

எனக்கு வந்த திரை சின்னது.
நீக்கு.
வைத்திரு.
சாம்பல் கட்டம் அதில் இல்லை.

பதினொன்றரைக்கு மேல்வீட்டு மெஷின்
துணி பிழியத் தொடங்குகிறது.
மேசையில் தம்ளர்த் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது.
இந்தத் திரைக்கு நான் எத்தனை நொடி எடுத்தேன் என்று
எங்கும் பதிவாகவில்லை.