இரட்டைச் சாய்கோடு

டர்பன் துறைமுகத்தில் இன்றிரவு காற்று.
கிரேன்கள் கைகட்டி நிற்கின்றன.
மணி ஒன்றேகால். சூடேறிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி
இந்த முற்றத்தில் எங்கோ இருக்கிறது,
உள்ளே இருபத்திரண்டு டன் ஆரஞ்சு.

நாலாயிரம் பெட்டிகளின் கணக்கு
தலைகீழ் மரமாய் என் திரையில் தொங்குகிறது:
முனையம், அதற்குள் அடுக்கு,
அதற்குள் வரிசை, அதற்குள்தான் பெட்டி.

தெம்பேகா இருந்தால் வேரிலிருந்து தொடங்குவாள்,
ஒரு கிளை விடாமல் பெயர் சொல்லி,
கல்யாணப் பத்திரிகையில் உறவுமுறை அடுக்குவதுபோல.
எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.
இரண்டு சாய்கோடு இழுத்தேன்.
//பெட்டி
எத்தனை ஆழத்தில் கிடந்தாலும் சரி, வா.

வந்தன. நாலாயிரமும்.

முதலாவதை மட்டும் காட்டு என்று
பின்னால் [1] போட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வந்து நின்றன.
அதன்மேல் தப்பில்லை, நான் கேட்ட லட்சணம் அப்படி:
எந்த வரிசைக்கும் ஒரு தலைப்பிள்ளை உண்டே.
எல்லாவற்றையும் பிறை அடைப்புக்குள் வளைத்துக் கட்டி
அப்புறம் ஒன்று என்றேன்.
ஒன்று வந்தது.
அன்னாசி. அது வேண்டாம்.

வாலைச் சுருட்டிப் படுத்திருக்கும் இந்த @
பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது,
கதவில் ஒட்டிய சீட்டை மட்டும் படிக்கும்.
//பெட்டி[@சூடு > 8]
ஒன்றே ஒன்று. பதினொரு டிகிரி.

ஒற்றைப் புள்ளி என்றால் நிற்கிற இடம்.
தமிழில் மெய்யின் தலையில் புள்ளி.
இங்கே புள்ளியே மெய்.
இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே, பெற்றவளிடம்.
யார் வீட்டுப் பிள்ளை நீ?
../@எண்
வரிசை பதினேழு.
../../@எண்
அடுக்கு ஒன்பது.

ரேடியோவில் சிஃபிசோவுக்குச் சொன்னேன்.
அவனுக்கு இரட்டைச் சாய்கோடு கிடையாது.
இரண்டாம் கேட், அங்கே கையெழுத்து,
டீசல் தேங்கிய பள்ளம்,
அடுக்கு ஒன்று, அடுக்கு இரண்டு, மூன்று
என்று காற்றுக்குத் தலைகுனிந்து போனான்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
டார்ச் வெளிச்சம் தெரிந்தது, மறைந்தது,
ரொம்ப நேரம் மறைந்தே இருந்தது.

"பிளக் கழன்று தொங்குது, சிஸ் பிரணிஷா."
"மாட்டு."
"மாட்டியாச்சு. இங்கே ஒரே ஆரஞ்சு வாசனை."

மூன்றே முக்காலுக்கு
அதே கேள்வியை, ஒரு எழுத்து மாற்றாமல், கேட்டேன்.
சிவப்பில் எதுவும் திட்டவில்லை.
வெற்று வரி ஒன்று,
அதன்கீழ் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

சிஃபிசோ டீ கொண்டுவந்து வைத்தான்.
ஷூ முழுக்க டீசல்.
"என்ன சொல்லுது?" என்றான்.
"ஒன்றுமில்லை," என்றேன்.
சிரித்தான்.