கடைசி இலக்கம் மூன்று

செவ்வாய் என்னுடைய நாள்.
அடையாள அட்டையின் கடைசி இலக்கம்
மூன்றோ நாலோ என்றால் வெளியே போகலாம்
என்று நேற்றிரவு செய்தியில் சொன்னார்கள்.
எனக்கு மூன்று.
லொத்தர் விழுந்த மாதிரி இருந்தது.

தனித்திருங்கள் என்கிறது அரசாங்கம்.
இரண்டறை வீட்டில் நாங்கள் ஒன்பது பேர்.
கொழும்பிலிருந்து வந்து மாட்டுப்பட்ட
மச்சான் குடும்பம் விறாந்தையில்.
அக்சரனின் ஒன்லைன் வகுப்பு குசினியில்:
ஆறாம் வாய்ப்பாடும் தேங்காய் திருவுகிற சத்தமும்
ஒன்றாய்த்தான் ரீச்சருக்குக் கேட்கும்.
அழ வேணுமென்றால் குளியலறை.
அங்கேயும் மூன்றாம் நிமிடம் கதவு தட்டுவார்கள்.

கைப்பைக்குள் மாமாவின் பிறசர் குளிசைத் துண்டு.
பாமசிக்கு நேராய்ப் போனால் பத்து நிமிடம்.
நான் கடலைச் சுற்றிப் போனேன்.

டச்சுபேயில் ஒருவருமில்லை.
கச்சான் வண்டியைச் சங்கிலி போட்டுக்
கம்பத்தில் கட்டியிருந்தது.
வள்ளங்கள் குப்புறக் கிடந்து
அடிவயிற்றில் வெயில் காய்ந்தன.
கோட்டைப் பக்கமிருந்து ஐந்து மான்கள் மணலுக்கு வந்தன.
கோயிலுக்கு வருகிறவர்களின் வாழைப்பழத்துக்குப் பழகினவை;
என் கையைப் பார்த்தன.
மருந்துத் துண்டைத்தான் காட்ட முடிந்தது.

முகக்கவசத்தை நாடிக்கு இறக்கினேன்.
உப்பு.
நாற்பது நாளாய் என் மூச்சையே
திருப்பித் திருப்பிக் குடித்திருந்தேன்.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு
யாரும் என் பெயர் சொல்லாத அடிகளை
எண்ணி எண்ணி வைத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டில்
"அக்கே" என்றது ஒரு குரல்.

தகரக் கொட்டிலுக்குள் நேவிப் பொடியன்.
பிளாஸ்டிக் கதிரை, துவக்கு, அரைப் போத்தல் தண்ணீர்.
அந்த உடுப்பைக் கண்டால்
என் கை தானாய் அடையாள அட்டையைத் தேடும்.
அது கொரோனாவுக்கு முந்தின பழக்கம்.

அட்டையை அவன் பார்க்கவில்லை.
"வீட்டில எத்தின பேர்?"
"ஒன்பது."
விரல் மடக்கி எண்ணினான்.
"நான் தனிய. முப்பத்தெட்டு நாள்."
பிறகு, "கொஞ்சம் நில்லுங்க அக்கே."

அது கட்டளை இல்லை என்று விளங்க
எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

நின்றேன். ஆறடி தள்ளி.
யார் குறட்டை விடுவது என்று கேட்டான். சொன்னேன்.
காலையில் முதலில் யார் தேத்தண்ணி போடுவது. சொன்னேன்.
வாய்ப்பாட்டையும் தேங்காயையும் சொன்னபோது
கவசத்துக்கு மேலே கண் சுருங்கியது.
எதை விட்டு ஓடி வந்தேனோ
அதையெல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன்;
அவன் பசித்தவன் மாதிரி வாங்கினான்.
கடல் எங்கள் பக்கத்தில்
ஆர் வீட்டுக் கதையோ என்று கிடந்தது.

வெறுங்கால் சுட்டபோதுதான் நேரம் தெரிந்தது.

பாமசி வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள்.
வட்டத்துக்கு ஒராள்.
முன்னால் பதினாலு பேர்.
என் வட்டத்துக்குள் ஏறி நின்றேன்.
இரண்டடி அகலம். விரலிடுக்கில் ஈரமணல்.
கதவில்லை, தட்டவும் ஆளில்லை.
முன் வட்டம் காலியாகி
எவ்வளவு நேரமோ தெரியாது,

"நகருங்கோவன்" என்றார்
பின்னால் நின்றவர்.