ஒரு டாலர் இருபத்தொன்பது

வங்கித் தாளில் வரிசையாக
ஒரு டாலர் இருபத்தொன்பது,
ஒரு டாலர் இருபத்தொன்பது,
நடுவே பனி டயருக்கு நானூறு.

டுலூத்தில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறான் ஆர்விட்.
விடியற்காலை மூன்றுக்குப் போல்கா வாங்கியிருக்கிறான்,
மூன்றேகாலுக்கு அலறும் மெட்டல்,
அப்புறம் காங்கோ கிட்டார்.
சும்மாவே கேட்கலாமே என்றால்
"வாடகைப் பாட்டு.
ஏரிக்கரையில் சிக்னல் போனால்
வீட்டுக்காரனிடம் ஓடிவிடும்" என்பான்.

சர்ச் வாசல் மிதிக்காதவன்.
பிப்ரவரியில்,
மண் இறுகிக் கிடக்கிறது, உங்கள் தம்பியைப் புதைக்க
ஏப்ரல் ஆகும் என்று சொன்ன வாரம்
கைதட்டிப் பாடும் துதிப்பாட்டு ஒன்று.

ஏப்ரலில்
அதே பாட்டு, மறுபடி.

ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதே என்று
திரை கேட்டிருக்கும்.
கையுறையைக் கழற்றி
தெரியும் என்று அமுக்கியிருப்பான்.